பூச்சியமும் வெற்றுக் கட்டமும்

கணக்கேடு ஒன்றின் ஒரு கட்டத்தில் ‘0’ என்று எழுதுகிறோம். இன்னொரு கட்டத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டுவிடுகிறோம். இரண்டும் ஒன்றா? இரண்டிலும் ஒன்றுமில்லைதானே என்று சிறு பிள்ளை சொல்லக்கூடும். வளர்ந்தவர்கள் பலரும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். ஆனால் முதற் கட்டம், “தேடினோம், இல்லை” என்கிறது. இரண்டாவது, “நாம் அறியோம்” என்கிறது. முன்னது அறிவு, பின்னது அறியாமையின் ஒப்புதல். இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடும் கை செய்வது வெறும் கணக்குப் பிழையா, அல்லது அறப் பிழையா? இதுவே நம்முன் உள்ள வினா.

இவ்வினாவை முதலில் ஆய்வுகூடத்தில் வைத்துப் பார்ப்போம். அங்கே அது உள்ளங்கை அளவானது, தெளிவானது. பின்னர் அதனை முல்லைத்தீவின் மணலுக்குக் கொண்டு வருவோம். அங்கே அது பெரியது, இன்னும் ஆறாதது.

உயிரியல் ஆய்வுகூடங்களிலே குழித்தட்டு என்றொரு எளிய பொருள் உண்டு. உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் தட்டு அது. அதிலே எட்டு நிரைகள், பன்னிரண்டு நிரல்கள்; ஆக 96 சிறு குழிகள். நிரைகளுக்கு ஏ முதல் எச் வரை எழுத்துகள். நிரல்களுக்கு 1 முதல் 12 வரை எண்கள். ஒவ்வொரு குழியும் ஒரு சோதனைக் குழாயின் வேலையைச் செய்கிறது. இதன் பிறப்பு வறுமையின் மடியில் நிகழ்ந்தது என்பது நம் கவனத்துக்குரியது. போருக்குப் பிந்திய ஹங்கேரியில் இன்ஃபுளுவென்சா பரவிய காலம். சோதிக்க வேண்டிய நோயாளிகள் அநேகர். கண்ணாடிக் கருவிகளோ போதவில்லை. ஜூலா தகாச்சி என்ற வைத்தியர் 1951 ஆம் ஆண்டளவில் பிளாஸ்டிக் பாளத்திலே கையாற் குழிகளைக் குடைந்து, சொட்டுச் சொட்டாகச் சோதனை செய்யும் முறையைக் கண்டார். 1971 இல் ஸ்டொக்ஹோமில் ஏங்வால், பேர்ள்மன் ஆகியோர் இரத்தத்திலுள்ள பிறபொருளெதிரிகளை நொதியத்தின் துணையால் நிறமாக்கிக் காட்டும் முறையை வெளியிட்டனர். அம்முறையும் விரைவில் இத்தட்டிலேயே குடியேறியது. இன்று குருதிப் பரிசோதனை முதல் மரபணுச் சோதனை வரை பல நோயறி வேலைகள் இக்குழிகளில் நடக்கின்றன.

தட்டைக் கருவியிலே வைக்கிறோம். கருவி ஒவ்வொரு குழியினூடும் ஒளியைச் செலுத்தி 96 எண்களைத் தருகிறது. அவ்வெண்களுக்குப் பெயர் இல்லை. நான்காம் நிரையின் ஏழாங் குழியில் இருப்பது யாருடைய இரத்தம் என்று கருவிக்குத் தெரியாது. அதனை அறிந்தது இன்னொரு தாள்: எந்தக் குழியில் எதை இட்டோம் என்று குறித்து வைத்த தளவரைவு. எண்கள் ஓரிடத்தில், பெயர்கள் இன்னோரிடத்தில். இரண்டையும் இணைப்பதுதான் அடுக்கும் வேலை. கருவி தருவது அளவு. அதற்குப் பொருள் பிறப்பது இந்த இணைப்பிலே.

முன்பு இதனைக் கையாற் செய்தார்கள். பின்னர் எக்செல் விரிதாளில் வெட்டி ஒட்டிச் செய்தார்கள். இன்று ‘ஆர்’, ‘பைதான்’ போன்ற கணினி மொழிகளிற் செய்நிரல் எழுதிச் செய்கிறார்கள். நல்ல செய்நிரல் தட்டின் கட்டங்களை அவிழ்த்து நீண்ட அட்டவணை ஆக்குகிறது. ஒரு குழிக்கு ஒரு வரி. அவ்வரியிலே தட்டின் இலக்கம், குழியின் பெயர், மாதிரியின் பெயர், ஐதாக்கிய அளவு, கருவி வாசித்த எண். தளவரைவையும் வாசிப்பையும் அது குழியின் பெயரைச் சாவியாகக் கொண்டு இணைக்கிறது. முதல் வரிக்கு முதல் வரி, இரண்டாவதற்கு இரண்டாவது என்று வரிசையை நம்பி இணைப்பதில்லை. வரிசை நழுவக் கூடியது, பெயர் நழுவாது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிப்போம். ஒவ்வொரு தட்டிலும் மாதிரி இடாத சில குழிகளை வேண்டுமென்றே வைக்கிறார்கள். மற்ற எல்லாத் திரவங்களும் அவற்றிற் சேரும். நோயாளியின் இரத்தம் மட்டும் சேராது. கருவி அவற்றையும் வாசிக்கும். வாசிப்பு பெரும்பாலும் பூச்சியமாக இராது. ‘ஒன்றுமில்லை’ என்பது இந்தத் தட்டில், இன்று, எவ்வளவு நிறம் காட்டுகிறது என்பதை அறியவே அக்குழிகள். இல்லை என்பதைக்கூட அளந்தே சொல்ல வேண்டும் என்பது விஞ்ஞானத்தின் கட்டளை. அதேவேளை, கைதவறிச் சிந்திய குழிக்கோ, குமிழி புகுந்து கெட்ட குழிக்கோ அட்டவணையில் எண் கிடையாது. அது ‘கிடைக்கவில்லை’ என்ற குறியைப் பெறுகிறது.

அந்தக் குறியைக் கணினி மொழிகள் நடத்தும் விதம் சிந்தனைக்குரியது. ‘ஆர்’ மொழியிலே 96 எண்களில் ஒன்று கிடைக்காதிருக்க, சராசரியைக் கேட்டால், சராசரியும் கிடைக்காது என்றே அது விடை தரும். தெரியாததைச் சேர்த்துக் கூட்டினால் தொகையும் தெரியாதது என்பது அதன் வாதம். அறியாத குழியை விலக்கிக் கணக்கிடு என்று நாமே கட்டளை எழுத வேண்டும். எழுதியது செய்நிரலில் நிற்கும். படிப்பவர் கேள்வி கேட்கலாம். எக்செல் அப்படியன்று. வெற்றுக் கட்டத்தைச் சத்தமின்றி விலக்கிவிட்டுச் சராசரியைத் தந்துவிடும். பைதானில் பரவலாகப் பயன்படும் ‘பாண்டாஸ்’ தொகுதியும், வேறு கட்டளை இல்லாவிட்டால், அவ்வாறே செய்யும். ஒரு கருவி கேளாமலே செய்வது எது, கேட்டால் மட்டும் செய்வது எது என்பதில் ஒரு தத்துவமே அடங்கியிருக்கிறது. அறியாமையைப் பேச விடுவதா, விழுங்கி விடுவதா என்பதே அந்தத் தத்துவம்.

அடுக்கிய எண்களைப் படமாக்குவது அடுத்த படி. தட்டின் உருவத்திலேயே கட்டங்கள் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் அதன் எண்ணுக்கேற்ற நிறம் தீட்டுகிறார்கள். எண்களின் பட்டியலிற் புலப்படாதது நிறத்திற் புலப்படும். 96 குழிகளில் 36 ஓரத்தில் இருப்பவை. ஓரக் குழிகளிலே திரவம் விரைவில் ஆவியாகும். ஆகவே சில தட்டுகளின் படத்தில் ஓரம் முழுவதும் ஒரு நிறமாகவும் நடு இன்னொரு நிறமாகவும் தெரியும். நோயென்று நினைத்தது உண்மையில் வெப்பத்தின் வேலை என்று படம் காட்டிக் கொடுக்கும். ஆயினும் படமும் குற்றமற்ற சாட்சி அன்று. எந்த எண்ணிலிருந்து சிவப்புத் தொடங்க வேண்டும் என்று தீர்மானிப்பவன் மனிதன். கெட்ட குழிக்குச் சாம்பல் நிறம் கொடுப்பதா, பூச்சியத்துக்குரிய வெண்மையையே கொடுப்பதா என்று தீர்மானிப்பவனும் அவனே. வெண்மை கொடுத்தால் பார்வையாளன், அங்கே நோயில்லை என்று ஆறுதல் கொள்வான்.

“இவையெல்லாம் தொழில்நுட்ப விவகாரங்கள், அடுக்குபவன் ஊழியன் மட்டுமே, அறம் பேச இங்கு இடமேது?” என்று ஒரு சாரார் கேட்கலாம். நடந்தவை இரண்டை அவர்கள் முன் வைக்கிறோம்.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில், புற்றுநோயாளிக்கு எந்த மருந்து பலிக்கும் என்பதை மரபணுத் தரவுகளிலிருந்து முன்கூட்டியே சொல்லலாம் என்று ஆய்வுகள் வெளியாகின. அவற்றை நம்பி நோயாளிகளிடம் மருத்துவச் சோதனைகளும் தொடங்கின. ஹியூஸ்ரனிலிருந்த பாகர்லி, கூம்ப்ஸ் என்ற இரு புள்ளிவிவர அறிஞர்கள் அத்தரவுகளை மீண்டும் அடுக்கிப் பார்த்து, 2009 இல் தங்கள் முடிவை வெளியிட்டனர். மரபணுப் பெயர்களின் பட்டியல் ஒரு வரி நழுவியிருந்தது. மருந்துக்கு இணங்கும் மாதிரி, இணங்காத மாதிரி என்ற அடையாளங்களும் சிலவிடங்களில் இடம் மாறியிருந்தன. அதாவது, பலிக்காத மருந்தே பலிக்கும் என்று நோயாளிக்குப் போய்ச் சேரக்கூடிய நிலை. சோதனைகள் கடைசியில் நிறுத்தப்பட்டன. ஆய்வுகள் மீளப் பெறப்பட்டன. ஒரு வரியின் நழுவலுக்கும் ஒரு நோயாளியின் நரம்பில் ஏறும் மருந்துக்கும் இடையே இருந்த தூரம் அவ்வளவே.

இரண்டாவது, இங்கிலாந்தில் 2020 இல் நடந்தது. கொரோனாப் பரிசோதனை முடிவுகளை ஒன்று சேர்க்கப் பழைய எக்செல் வடிவம் ஒன்று பயன்பட்டது. அதிலே 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. மிஞ்சியவை சத்தமின்றி உதிர்ந்தன. செப்டெம்பர் 25 முதல் ஒக்டோபர் 2 வரையில் 15,841 தொற்றாளர்கள் அன்றன்றைய கணக்கில் ஏறவில்லை. அவர்களோடு பழகியோரைத் தேடும் வேலை பல நாள் தாமதித்தது. ஏட்டின் பக்கம் முடிந்தபோது நோயும் முடிந்துவிட்டதாகக் கணக்குச் சொன்னது. அடுக்குபவன் ஊழியன் மட்டுமே என்ற வாதம் இங்கே உடைகிறது. உயிரைத் தொடும் இடத்தில் நிற்கும் ஊழியன் பொறுப்புடையவன்.

நம் நாட்டுக்கு வருவோம். இலங்கையின் வறண்ட பிரதேசம் மலேரியாவின் பழைய இராச்சியம். வன்னிக் காடும் குளமும் அதற்குள் அடங்கியவையே. 1963 இல் நாடு முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே. வெற்றி கிட்டியதென்று மருந்து தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1960 களின் இறுதியில் நோய் திரும்பி வந்தது. 1969 இல் மட்டும் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். பூச்சியத்தை நெருங்கினோம் என்ற களிப்பிலே தேடுவதை நிறுத்தியதற்கு ஏழைக் குடியானவன் கொடுத்த விலை அது. பின்னர் போரையும் கடந்து, ஊர் ஊராகக் குருதி எடுத்து நுணுக்குக்காட்டியிற் பார்த்த பணியாளர்களின் உழைப்பினால், 2012 ஒக்டோபருக்குப் பின் உள்நாட்டிலே தொற்றிய நோயாளர் ஒருவரும் காணப்படவில்லை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று சான்றளித்தது. இதுவே உழைத்துப் பெற்ற பூச்சியம். இதன் பின்னால் நோயில்லை என்று கண்ட எண்ணற்ற குருதிப் படலங்கள் நிற்கின்றன. தேடாமல் எழுதிய பூச்சியத்துக்குப் பின்னால் ஒன்றும் நிற்பதில்லை. தாளிலே இரண்டும் ஒரே வட்டந்தான்!

இனி முல்லைத்தீவு.

2009 ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில், கடலுக்கும் களப்புக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்திலே மக்கள் நெருக்குண்டு கிடந்தார்கள். எத்தனை பேர்? பெப்ரவரியில் அரசாங்கம் சொன்ன தொகை சுமார் 70,000. முல்லைத்தீவு மாவட்ட நிருவாகம் களத்திலிருந்து கொடுத்த மதிப்பீடு சுமார் 330,000. இவ்விரண்டு எண்களுக்கும் இடையிலிருந்த வித்தியாசம் ஏட்டோடு நிற்கவில்லை. கப்பலில் ஏறும் அரிசி மூட்டைகளின் தொகையும் மருந்துப் பெட்டிகளின் தொகையும் எண்ணைப் பார்த்தே முடிவாகின்றன. கணக்கிலே இல்லாதவனுக்குக் கஞ்சியும் இல்லை. போர் முடிந்தபின் முகாம்களுக்கு வந்து சேர்ந்த உயிருள்ள மனிதரின் தொகை, அரசாங்கம் சொன்ன தொகையைப் போலப் பல மடங்காயிற்று. அம்மனிதர்கள் நடந்து வந்து தங்களைத் தாங்களே எண்ணிக் காட்டினார்கள். வர முடியாதவர்களை யார் எண்ணுவது?

அதே காலத்தில், பொதுமக்களின் உயிரிழப்புப் பூச்சியமாக இருப்பதே தங்கள் கொள்கை என்று ஆட்சியாளர் உலகுக்குச் சொல்லிக் கொண்டிருந்தனர். ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011 இல் வெளியிட்ட அறிக்கையோ, 40,000 வரையிலான பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்பதை மறுத்துவிட முடியாதென்றது. வெளியார் செல்ல அனுமதியில்லாத, பத்திரிகையாளர் காலடி படாத நிலத்தைப் பற்றி ஒருவர் ‘பூச்சியம்’ என்று சொல்லும்போது, அது அளந்த பூச்சியமா, வெறுமையாக விடப்பட்ட கட்டமா என்று கேட்க நமக்கு உரிமையுண்டு, கடமையும் உண்டு.

2011 சனவரியில் மன்னார் ஆயராயிருந்த இராயப்பு யோசேப்பு, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன்னே ஒரு கழித்தற் கணக்கை வைத்தார். 2008 ஒக்டோபரில் கச்சேரிப் பதிவுகளின்படி வன்னியிலிருந்தோர் 429,059. அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தோர் 282,380. மிகுதி 146,679. இவர்களுக்கு என்ன நடந்தது என்பதே அவர் கேட்டது. இரு எண்களும் அரச அலுவலகங்களின் வழியும் ஐ.நா. அமைப்புகளின் வழியும் வந்தவை. பள்ளிச் சிறுவன் செய்யக்கூடிய கழித்தல். ஆயினும் அந்தக் கணக்கின் பலம் அதன் எளிமையிலேயே இருந்தது. யாரும் அதனை மீண்டும் செய்து பார்க்கலாம். உட்செலுத்திய எண் பிழையென்றால் பிழையைக் காட்டலாம்.

இவ்விடத்தில் நம் பக்கத்தாருக்கும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 146,679 என்பது விடை தெரியாதோரின் தொகை. அதனை இறந்தோரின் தொகை என்று மேடைகளிற் சிலர் முழங்குகிறார்கள். அவர்களுடைய துயரம் மெய்யானது. ஆனால் அந்த மாற்றம் முறையானதன்று. கச்சேரிப் பதிவிலே மிகை இருந்திருக்கலாம். பதியாமல் வெளியேறியோர் இருந்திருக்கலாம். கொல்லப்பட்டோர் பல்லாயிரம் இருந்திருப்பர். தெரியாததைப் பூச்சியமாக்குவது ஆள்வோரின் பொய். தெரியாததை நாம் விரும்பும் எண்ணாக்குவதும் அறியாமையை விழுங்குவதே. இரண்டும் ஒரே எடையுடையவை என்று நாம் சொல்லவில்லை. ஒன்று அதிகாரத்தின் மறைப்பு. மற்றது பாதிக்கப்பட்டவனின் அவசரம். ஆனால் பாதிக்கப்பட்டவனுக்கு உண்மையைத் தவிர வேறு ஆயுதம் இல்லை. அதனை அவன் மழுங்கவிடலாகாது. ஆயர் கேள்வியாக வைத்ததைக் கேள்வியாகவே வைத்திருப்பதில் அதிக வலிமை உண்டு.

2023 சூன் மாத இறுதியில், முல்லைத்தீவு மாவட்டம் கொக்குத்தொடுவாயிலே குடிநீர்க் குழாய் பதிக்க மண்ணைத் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. நீதிமன்றத்தின் மேற்பார்வையில் அவ்வாண்டு செப்டெம்பரில் அகழ்வு தொடங்கியது. 2024 சூலையில் அது நிறைவுற்றபோது 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம். அந்த இலக்கத்தை ஒரு பெயரோடு இணைப்பதுதான் மிஞ்சிய வேலை. அதுதான் முழு வேலை. இணைக்கும் வழிகளில் உறுதியானது மரபணுச் சோதனை. எலும்பிலிருந்தும் உறவினரின் குருதியிலிருந்தும் எடுக்கும் டி.என்.ஏ. பெருகுவது நாம் முன்னர் கண்ட அதே 96 குழிகளிலேதான். அங்கே ஒரு வரி நழுவினால், ஒரு தாய் இன்னொருத்தியின் மகனுக்குக் கொள்ளி வைப்பாள்.

அவ்வேலை செய்யக் கூடியதே என்பதற்கு பொஸ்னியா சாட்சி. சிரெபிரெனிட்சாவில் 1995 இல் கொல்லப்பட்ட ஏறத்தாழ 8,000 பேரின் உடல்களைக் கொலையாளிகள் இயந்திரங்களாற் கிளறி வேறு குழிகளுக்கு மாற்றியிருந்தார்கள். ஒரே மனிதனின் எலும்புகள் பல இடங்களிற் கிடைத்தன. கிடந்த இடத்தை நம்பியிருந்தால் அடையாளம் கண்டிருக்க முடியாது. பெயருக்குப் பதிலாக பட்டைக்குறி இட்ட மாதிரிகளையும் உறவினரின் குருதியையும் மரபணுவால் ஒப்பிட்டு, சுமார் 7,000 பேரை அடையாளங் கண்டார்கள். இடத்தை நம்பாதே, சாவியை நம்பு என்ற தட்டின் விதி அங்கே மனித விதியாயிற்று.

“மனிதரை எண்ணாக்குவதே கொடுமையன்றோ?” என்று மென்மையான உள்ளங் கொண்ட நண்பர் கேட்கலாம். கேள்வியிலே நியாயம் உண்டு. ஆளும் வர்க்கம் எண்ணுவது வரிக்காக, படைக்காக, வேலைக்காக. ஆனால் எண்ணாமல் விடுவதும் அதே வர்க்கத்தின் ஆயுதமே. மார்க்ஸ் ‘மூலதனம்’ எழுதியபோது இங்கிலாந்தின் தொழிற்சாலைப் பரிசோதகர்களின் அறிக்கைகளைப் பக்கம் பக்கமாகப் பயன்படுத்தினார். லெனார்ட் ஹோர்னர் என்ற பரிசோதகரை மனமாரப் பாராட்டினார். குழந்தை எத்தனை மணி நேரம் ஆலையில் நின்றது என்று எவனோ ஒருவன் நேர்மையாக எழுதி வைத்ததனாலேயே அக்கொடுமையை மறுக்க முடியாமற் போயிற்று. முல்லைத்தீவிலே 2017 முதல் வெயிலிலும் மழையிலும் அமர்ந்து போராடும் தாய்மாரின் கைகளைப் பாருங்கள். ஒரு படம், ஒரு பெயர், ஒரு தேதி, கடைசியாகக் கண்ட இடம். அட்டவணையின் நான்கு நிரல்கள்! ஐந்தாவது நிரல் வெறுமை. அதனைப் பூச்சியமாக நிரப்ப அவர்கள் மறுக்கிறார்கள். மரணச் சான்றிதழும் ஒரு தொகைப் பணமும் தந்து கட்டத்தை மூடிவிடலாம் என்ற யோசனைக்கு அவர்கள் இணங்காததன் உட்பொருள் இதுவே. தேடாமல் எழுதாதே என்கிறார்கள். அது விஞ்ஞானத்தின் கட்டளையுந்தான்.

ஆகவே, தரவை அடுக்குவது அறச் செயலே என்று நாம் துணிகிறோம். அவ்வறம் பெரிய விரதங்களைக் கேட்கவில்லை. வரிசையை நம்பாமற் பெயரால் இணைக்க வேண்டும். தெரியாததைத் தெரியாததென்றே குறிக்க வேண்டும். விலக்கிய குழியை விலக்கியதாகவும், காரணத்தோடும் சொல்ல வேண்டும். படத்திலே அறியாமைக்கு அதற்குரிய நிறத்தைக் கொடுக்க வேண்டும். செய்த வழியை எழுதி வைத்து, எதிரியும் அதனை மீண்டும் செய்து பார்க்க விட வேண்டும். முறை பொதுவில் இருக்கட்டும். குருதி தந்த தாயின் பெயர் அவள் அனுமதியின்றி வெளியே போகாதிருக்கட்டும்.

இதனைக் கற்பிப்பதற்கு வன்னியில் இடமில்லாமல் இல்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் இயங்குகின்றன. வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. ‘ஆர்’, ‘பைதான்’ இரண்டும் விலையில்லாதவை. எவரும் திறந்து பார்க்கக் கூடியவை. விலையுயர்ந்த கருவி இல்லாத பாடசாலையிலும் 96 கட்டங்களைக் கொப்பியில் வரைந்து இப்பாடத்தைத் தொடங்கலாம். ஆசிரியர் கேட்க வேண்டிய முதற் கேள்வி ஒன்றே: இந்தக் கட்டம் ஏன் வெறுமையாக இருக்கிறது, அங்கே யார் பார்த்தார்கள்? அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகிய மாணவன் நாளை ஆய்வுகூடத்தில் நிற்கலாம், கச்சேரியில் அமரலாம், நீதிமன்றத்திற் சாட்சி சொல்லலாம். எங்கே நின்றாலும், பார்க்காத கட்டத்தில் பூச்சியம் எழுத அவன் கை இணங்காது.